நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் திட்டம்

நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் திட்டம் என்பது, தமிழ்நாட்டின் மதுரை மாவட்டம், மேலூர் வட்டாரத்தில் 2,015.51 எக்டேர் (ஏறத்தாழ 5,000 ஏக்கர்) பரப்பில் டங்ஸ்டன் கனிமம் எடுப்பதற்காக இந்திய நடுவண் அரசு ஏலம் விட்டு, பின்னர் கைவிட்ட திட்டமாகும். இப்பரப்பினுள் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமான அரிட்டாபட்டிப் பகுதியும் அடங்கியிருந்தது. 2024 நவம்பரில் ஏல முடிவு அறிவிக்கப்பட்டது. ஊர் மக்களின் தொடர் எதிர்ப்பைத் தொடர்ந்து 2025 சனவரி 23 அன்று ஏலம் இரத்து செய்யப்பட்டது.

அமைவிடம்

மேலூர் வட்டாரம் மதுரை நகருக்கு வடகிழக்கே உள்ளது. அரிட்டாபட்டி, நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது. சமவெளியில் ஆங்காங்கே தனித்து எழும் பாறைக் குன்றுகளும், அவற்றின் அடிவாரத்தில் அமைந்த கண்மாய்களும் இந்நிலப்பகுதியின் சிறப்பியல்புகளாகும். பாறையில் விழும் மழைநீர் சுனைகளிலும் ஓடைகளிலும் வழிந்து கண்மாய்களை அடைகிறது. முல்லைப் பெரியாறு நீரைக் கொண்டு நடைபெறும் ஒருபோகப் பாசனமும் இவ்வட்டாரத்தில் உண்டு. மக்களின் முதன்மைத் தொழில் வேளாண்மை ஆகும்.

அரிட்டாபட்டியின் சிறப்பு

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு, 2002 ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி, அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் 193.215 எக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அரசின் அறிவிப்பின்படி இங்கு ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், மூன்று தடுப்பணைகள் ஆகியவை உள்ளன. ஆனைகொண்டான் ஏரி பாண்டியர் காலத்தில் வெட்டப்பட்டது.

ஏறத்தாழ 250 பறவை இனங்கள் இங்கு பதிவாகியுள்ளன. செங்குத்தான பாறை முகடுகளை நாடும் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு ஆகிய மூன்று கொன்றுண்ணிப் பறவைகள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. அலங்கு எனப்படும் எறும்புதின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு ஆகியனவும் வாழ்கின்றன.

இங்குள்ள கழிஞ்சமலையில், சமணத் துறவியர் தங்கிய குகைத்தளத்தில், சுமார் 2,200 ஆண்டுகள் பழமையான தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. பாறையில் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் சிற்பத்தின் கீழுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு, அதனை அச்சணந்தி என்னும் சமணத் துறவி செய்வித்ததாகக் கூறுகிறது. முற்காலப் பாண்டியரின் குடைவரைச் சிவன் கோயிலும், அதில் இலகுலீசர் சிற்பமும் உள்ளன.

கனிமமும் சட்டமும்

டங்ஸ்டன் உலோகங்களிலேயே மிக உயர்ந்த உருகுநிலை (சுமார் 3,422 பாகை செல்சியசு) உடையது. வெட்டுக் கருவிகள், துளையிடும் கருவிகள், படைக்கலங்கள், மின்னணுப் பொருட்கள் ஆகியவற்றின் ஆக்கத்தில் பயன்படுகிறது. இந்தியா இவ்வுலோகத்திற்குப் பெரிதும் இறக்குமதியையே சார்ந்துள்ளது.

2023 இல் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் திருத்தப்பட்டது. இத்திருத்தம் டங்ஸ்டன் உள்ளிட்ட 24 கனிமங்களை முக்கியக் கனிமங்களாகப் பட்டியலிட்டு, அவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை நடுவண் அரசுக்கு அளித்தது. எனினும் உரிமத்தையும் குத்தகையையும் வழங்கும் பொறுப்பும், அவற்றால் கிடைக்கும் வருவாயும் மாநில அரசுக்கே உரியன. 2023 அக்டோபரில் தமிழ்நாடு அரசு இம்முறைக்கு எதிர்ப்புத் தெரிவித்துக் கடிதம் எழுதியது.

ஏலமும் எதிர்ப்பும்

2024 நவம்பர் 7 அன்று, வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்த இந்துசுதான் சிங்க் நிறுவனம் நாயக்கர்பட்டிப் பகுதிக்கான ஏலத்தில் முன்னுரிமை பெற்றதாக அறிவிக்கப்பட்டது. இது கனிம ஆய்வையும் பின்னர் சுரங்கக் குத்தகையையும் உள்ளடக்கிய கூட்டு உரிமத்திற்கான ஏலமாகும். சுரங்கப் பணி எதுவும் அப்போது தொடங்கப்படவில்லை.

இவ்வட்டாரம் முன்னரே கிரானைட் குவாரிகளால் பல குன்றுகளை இழந்திருந்தது. 2012 இல் அப்போதைய மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கையும், உயர்நீதிமன்ற ஆணைப்படி அவர் 2015 இல் அளித்த அறிக்கையும் கிரானைட் முறைகேடுகளை வெளிக்கொணர்ந்தன. குன்று அழிந்தால் நீர்வரத்தும் அழியும் என்பதை இம்மக்கள் அண்டை ஊர்களிலேயே கண்டிருந்தனர்.

2024 நவம்பர் 23 அன்று கூடிய கிராம சபைகளில் திட்டத்திற்கு எதிராகத் தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன. திசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டமன்றம், ஏலத்தை இரத்து செய்யக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றியது. 2025 சனவரி 7 அன்று பல்லாயிரக்கணக்கான மக்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமை அஞ்சல் நிலையம் நோக்கிப் பேரணியாகச் சென்றனர்.

இரு அரசுகளின் நிலைப்பாடு

ஏலத்திற்கு முன் மாநில அரசிடம் விவரங்கள் கோரப்பட்டதாகவும், 2024 பெப்ரவரியில் அது நில விவரங்களை அளித்தபோது பல்லுயிர்த் தலத்தைக் குறிப்பிட்டதேயன்றி ஏலத்தை எதிர்க்கவில்லை என்றும் நடுவண் அரசு கூறியது. ஏல முறையையே 2023 இல் எதிர்த்ததாகவும், பல்லுயிர்த் தலம் இருப்பது தெரிந்தும் ஏலம் நடத்தப்பட்டதாகவும் மாநில அரசு கூறியது.

ஏலம் இரத்து

2024 திசம்பர் 24 அன்று நடுவண் சுரங்க அமைச்சகம், பல்லுயிர்த் தலத்தை விலக்கி எல்லையை மாற்றியமைப்பது குறித்து ஆராயுமாறு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டது. இதனை மக்கள் ஏற்கவில்லை. பின்னர் ஊர்ப் பிரதிநிதிகள் தில்லியில் சுரங்க அமைச்சர் கி. கிசன் ரெட்டியைச் சந்தித்தனர். மறுநாள், 2025 சனவரி 23 அன்று, ஏலம் முழுமையாக இரத்து செய்யப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

பாதுகாப்பின் வரம்பு

பல்லுயிர்த் தலத்தின் பரப்பு ஏலப் பரப்பில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவானது. எனவே தலத்தை மட்டும் விலக்கியிருந்தால், எஞ்சிய ஒன்பது பங்கு நிலத்தில் சுரங்கத்திற்கு வாய்ப்பு இருந்திருக்கும். ஆனால் கண்மாய்களின் நீர்வரத்தும், பறவைகள் இரை தேடும் வயல்வெளிகளும் தலத்தின் எல்லைக்குள் அடங்குவன அல்ல. எல்லை மாற்றத்தை ஏற்க மக்கள் மறுத்ததன் அடிப்படை இதுவே. மேலூர் வட்டாரத்தைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்க வேண்டும் என்ற கோரிக்கையும் இதனை ஒட்டியே எழுந்தது. ஏல இரத்து ஒரு நிருவாக முடிவாகும். 2023 இன் சட்டத் திருத்தம் அதனால் மாறவில்லை.

இத்தகைய முடிவுகள் மாறக்கூடியவை என்பதற்கு அமெரிக்காவின் அலாசுக்கா மாநிலத்தில் முன்மொழியப்பட்ட ஆம்ப்ளர் சாலை எடுத்துக்காட்டாகும். செம்பு முதலிய கனிமங்களை வெளிக்கொணர்வதற்காகத் திட்டமிடப்பட்ட, சுமார் 340 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சாலை, ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய தேசியப் பூங்கா ஒன்றின் காப்பு நிலத்தையும் கடக்கிறது. கலைமான் இனமான கரிபுவின் வலசைக்கும், தொல்குடிகளின் வாழ்வுக்கும் இது ஊறு விளைவிக்கும் என எதிர்ப்பு எழுந்தது. 2020 இல் அளிக்கப்பட்ட ஒப்புதல் 2024 இல் மறுக்கப்பட்டது; ஆட்சி மாறிய பின் 2025 அக்டோபரில் மீண்டும் ஒப்புதல் அளிக்குமாறு ஆணையிடப்பட்டது.

இவற்றையும் பார்க்க

அரிட்டாபட்டி
கீழவளவு
மதுரை மாவட்டச் சமணக் குன்றுகள்
தமிழ்ப் பிராமி
கண்மாய்