கடல் கடந்து சாக வந்த குதிரைகள்

உச்சிப்புளியில் நிலம் ஒடுங்கிவிடுகிறது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் ரயில் பாதையும் இராமேசுவரம் சாலையும் ஓடும் மணல் பூமி. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை பிறந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். இந்தக் கரையின் மீனவர்கள் காற்றைப் பார்த்துத்தான் எந்தக் கடலில் வலை இறக்குவது என்று முடிவு செய்வார்கள்.

எழுநூறு ஆண்டுகளுக்கு முன் அதே காற்றின் கணக்கை மதுரை அரண்மனையும் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே எதிர்பார்த்தது மீனையல்ல, குதிரையை.

உச்சிப்புளிக்குத் தென்மேற்கே, மன்னார் வளைகுடாக் கரையில் பெரியபட்டினம் இருக்கிறது. இன்று ஓரளவு பெரிய கிராமம், அவ்வளவுதான். ஆனால் 1980-களில் எ. சுப்பராயலுவும் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் அங்கே ஆய்வு செய்தபோது, மண்ணுக்குள்ளிருந்து 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் குவியலாக வெளிவந்தன. கிழக்கிலிருந்து பீங்கான் வந்த அதே காலத்தில், மேற்கிலிருந்து பாண்டியர் துறைகளுக்குக் குதிரை வந்தது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் அந்தத் துறைகளை ஃபத்தன், மலிஃபத்தன், காயல் என்று மூன்றாகச் சொல்கிறார். காயல், தாமிரபரணி முகத்துப் பழைய காயல். மற்ற இரண்டும் எவை என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை. பெரியபட்டினத்தின் பெயரும் அந்த வழக்கில் அடிபடுகிறது.

கடல்வழிக் குதிரை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் அதைப் பேசுகின்றன. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் கோயிலுக்குக் கொடை கொடுக்கும் அளவுக்குச் செழித்திருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த வாணிபம் பிரமாண்டமாக வளர்ந்தது. பாரசீக வளைகுடாவில் கிஷ் தீவை ஆண்ட ஜமாலுத்தீன் அல்-திபி, தன் சொந்த லாயத்திலிருந்தே ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்பினார். அவருடைய தம்பி தகியுத்தீன் இங்கே பாண்டியரின் அமைச்சராக அமர்ந்து, அந்த மூன்று துறைகளையும் தன் பொறுப்பில் வைத்திருந்தார். விற்பவன் அண்ணன், வாங்குகிற அரசின் துறைமுகச் சாவி தம்பி கையில். இதைவிட வசதியான வியாபாரம் வேறென்ன இருக்க முடியும்?

வஸ்ஸாஃப் தரும் கணக்கு மலைக்க வைப்பது. வளைகுடாத் துறைகள் எல்லாவற்றிலுமிருந்தும் ஆண்டுக்கு 10,000 குதிரைகள், தலைக்கு 220 தினார், மொத்தம் 22 லட்சம் தினார். எண்கள் இத்தனை உருண்டையாக இருந்தால் ஐயம் வரத்தான் செய்யும். ஆனால் ஒப்பந்தத்தின் ஒரு விதியை அவர் கற்பனையில் எழுதியிருக்க வாய்ப்பில்லை: குதிரை வழியில் செத்தாலும் அதன் விலையைப் பாண்டியர் தந்துவிட வேண்டும். இருநூறு ஆண்டு கழித்து, விஜயநகர மன்னர் சாளுவ நரசிம்மரைப் பற்றிப் போர்த்துகீசியர் நூனிஸ் எழுதியதும் இதேதான். கடலில் செத்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினால் போதும், விஜயநகரம் முழு விலையும் கொடுத்தது.

குதிரைகள் எப்படி வந்தன என்பதை 1290-களில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ சொல்கிறார். ஹோர்முஸ் கப்பல்களில் பலகைகளை இரும்பு ஆணியால் பிணைக்காமல் தென்னங்கயிற்றால் தைத்திருந்தார்கள். சரக்கை அடுக்கி, மேலே தோல் விரித்து, தோலின்மேல் குதிரைகளை நிறுத்துவார்கள். அரபிக்கடலில் தென்மேற்குக் காற்று உச்சத்தில் இருக்கும் ஆனி, ஆடியில் எவனும் பாய் விரிக்க மாட்டான். காற்று ஏறும் முன்போ தணியும் தறுவாயிலோ கிளம்பி வந்து, வாடையில் திரும்ப வேண்டும். குதிரைக்கு வாரக்கணக்கில் அசைய இடமில்லை. குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரும் அளவானது. கரையேறியபோது அதன் கால்கள் எந்த நிலையில் இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிழைத்துக் கரையேறியவற்றின் கதிதான் மோசம். பாண்டிய மன்னன் ஒருவனே ஆண்டுக்கு 2,000-க்கு மேல் வாங்கினான், அவன் சகோதரர்களும் அப்படியே என்கிறார் மார்க்கோ போலோ. ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாது என்றும் சேர்த்துக்கொள்கிறார். அவர் பார்வையில், இங்குள்ளவர்களுக்குக் குதிரையைப் பராமரிக்கத் தெரியாது. லாடம் அடிப்பவன் இல்லை, குதிரை சீக்கிரம் சாகட்டும் என்றே வணிகர்கள் அப்படிப்பட்டவனை இந்தப் பக்கம் வர விடுவதுமில்லை. வஸ்ஸாஃப் இன்னும் காரமாக எழுதுகிறார். வறுத்த தானியமும் வெண்ணெயும் தின்னக் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்கக் கொடுத்து, நாற்பது நாள் முளையடித்துக் கட்டிப்போட்டுக் கொழுக்க வைப்பார்களாம். பிறகு ஒரு பயிற்சியும் இல்லாமல் வீரர்கள் ஏறிப் பேயாட்டம் ஓட்ட, எப்பேர்ப்பட்ட குதிரையும் சில நாளில் குப்புற விழுமாம். மார்க்கோ போலோவின் சமையல் குறிப்போ சோறும் வேகவைத்த இறைச்சியும்!

இரண்டு சாட்சிகளும் விற்கும் தரப்பில் நின்றவர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஒருவர் வெனிஸ் வணிகர், மற்றவர் பாரசீக அரசு அலுவலர். ‘வாங்குகிறவன் மடையன்’ என்பது எந்தச் சந்தையிலும் விற்பவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது. மணல் கரையில் லாடம் இல்லாததால் மட்டும் ஆயிரக்கணக்கில் குதிரை சாகாது. பாலைவனப் புல்லுக்கும் வாற்கோதுமைக்கும் பழகிய விலங்குக்கு இங்கே அந்தத் தீனி இல்லை, புழுக்கமும் ஒத்துக்கொள்ளாது. கடிக்கும் ஈக்கள் பரப்பும் சர்ரா நோயின் கிருமியை கிரிஃபித் எவன்ஸ் பஞ்சாபில் கண்டுபிடித்ததே 1880-இல்தான். அந்தக் கிருமியை மாடு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், குதிரையைக் கொன்றுவிடும். மாடு நிறைந்த பாண்டி நாட்டில் அரபுக் குதிரைகளை இந்த நோய் தாக்கியிருந்தால், அன்றைக்கு அதை மடமையாகத்தான் பார்த்திருப்பார்கள்.

இதற்கு நேர் எதிரான நிலத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. 1897-98 குளிர்காலத்தில் கிளாண்டைக் தங்கத்தைத் தேடி ஓடியவர்கள், அலாஸ்காவின் ஒயிட் பாஸ் கணவாயில் ஏறக்குறைய 3,000 சுமைக் குதிரைகளைச் சாகவிட்டார்கள். அந்த வழிக்குச் செத்த குதிரைப் பாதை என்றே பெயர் விழுந்தது. அதே வடகாட்டில் யூகோன் ஆற்றங்கரையின் பழங்குடிகள் கோடையில் சால்மன் மீனைப் பிடித்துக் கருவாடு போட்டு, அதையே குளிர்காலத்தில் சறுக்குவண்டி இழுக்கும் நாய்களுக்குத் தீனியாக்கினார்கள். நாய் அந்த மண்ணில் வளர்ந்தது, மண் தருவதைத் தின்றது. தென்பாண்டிக் கரிசலிலும் சிப்பிப்பாறையும் கன்னியும் கம்பங்கூழில் வளர்ந்து முயலை விரட்டிய நாய்களே. அவற்றை யாரும் தினார் கொடுத்து இறக்குமதி செய்யவில்லை. வண்டி இழுக்க மாடு இருந்தது, பொதி சுமக்கக் கழுதை இருந்தது. குதிரை போருக்கும் பவனிக்கும் மட்டுமே வேண்டியிருந்தது. ஆனால் டெல்லிப் படையும் வடுகர் படையும் குதிரைமேல் வரும்போது, செலவைப் பார்த்து ஒரு மன்னன் சும்மா இருக்க முடியாது.

மாணிக்கவாசகர் கதையையும் இந்தப் பின்னணியில் ஒருமுறை படிக்கலாம். குதிரை வாங்க அரிமர்த்தன பாண்டியன் கொடுத்த பொன்னை அவர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிட, சிவபெருமான் காட்டு நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டி வருகிறார். இரவில் அவை மீண்டும் நரியாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துப்போட்டு ஓடுகின்றன. ஆவணி மூலத் திருவிழாவில் மதுரை இன்றும் இதைக் கொண்டாடுகிறது. புதுப் பரி வந்து இறங்கிய வேகத்தில் லாயம் காலியாகும் செய்தி, அந்தக் காலத்து அரண்மனைக் கணக்கர்களுக்கு அதிசயமாக இருந்திருக்காது.

1311-இல் டெல்லித் தளபதி மாலிக் காபூர் பாண்டிய நாட்டைக் கொள்ளையடித்துத் திரும்பியபோது 512 யானைகளும் 5,000 குதிரைகளும் கொண்டுபோனதாக அமீர் குஸ்ரோ எழுதுகிறார். வஸ்ஸாஃபின் 10,000-ஐ நம்பினால், லாயங்களில் சிக்கியது அரையாண்டு இறக்குமதிதான். ஒன்று வரவு மிகை, அல்லது சாவு நிஜம். இரண்டும் கலந்தே இருக்கலாம்.

1510-இல் கோவாவைப் பிடித்த போர்த்துகீசியர் குதிரைக் கப்பல்களைத் தங்கள் துறைக்கே திருப்பினார்கள். ஆனாலும் குதிரை இந்தக் கரையை விட்டுவிடவில்லை. 1530-களின் நடுவில் ஜோவான் த க்ரூஸ் என்ற மலையாளக் கிறித்தவர் குமரிமுனைப் பக்கத்துச் சிற்றரசர்களிடம் குதிரை விற்க வந்தார். முத்துச் சலாபத்தில் எதிரிகளிடம் அடிபட்டிருந்த பரதவர்களிடம், போர்த்துகீசியரின் பாதுகாப்பைக் கேளுங்கள் என்று யோசனை சொன்னவர் அவர். பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போனார்கள். அடுத்த சில மாதங்களில் முத்துக்குளித்துறையின் பரதவர் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஞானஸ்நானம் பெற்றன. பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் வந்து இறங்கியபோது, அவர் போதிக்க வேண்டிய மக்கள் ஏற்கெனவே கிறித்தவப் பெயர்களோடு காத்திருந்தார்கள்.