வத்தை: பாக் விரிகுடாவில் பாய்மரம் பழகிய வரலாறு

வத்தை என்பது பாக் விரிகுடாக் கரையில் மீனவர்கள் பயன்படுத்திவரும் பலகைப் படகு. இராமநாதபுரம் மாவட்டத்தின் தொண்டி, நம்புதாளை, மோர்ப்பண்ணை முதல் புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டக் கடற்கரை வரை இப்படகு புழக்கத்தில் உள்ளது. இன்று பெரும்பாலான வத்தைகள் எஞ்சினில் ஓடுகின்றன. எஞ்சின் வருவதற்கு முன் பாய் ஒன்றே இவற்றின் விசை. பலர் சேர்ந்து ஓட்டும் இந்தச் சிறு படகில் பாய் பிடிக்கக் கற்பது, இக்கரையில் ஒரு பையன் தொழிலாளியாக ஏற்கப்படுவதற்கான வழியாகவும் இருந்தது.

மதுரையும் தொண்டியும்

மதுரையிலிருந்து கிழக்கே சிவகங்கைச் சமவெளியைக் கடந்தால் வரும் கடல் தொண்டிக் கடல். கொச்சியில் தொடங்கி மதுரை வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை 85 தொண்டியில்தான் முடிகிறது. சாலை புதிது, தொடர்பு பழையது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, தொண்டியிலிருந்து கப்பலில் வந்த அகில், துகில், சந்தனம், கருப்பூரம் ஆகியவற்றின் மணத்தைச் சுமந்துகொண்டு கொண்டல் என்னும் கீழ்க்காற்று மதுரைக்குள் நுழைவதாகச் சொல்கிறது. கடலைப் பார்க்காத நகரத்துக்குக் கடலின் செய்தி காற்றாக வந்து சேர்கிறது. (சங்கப் பாடல்களில் சேரருக்குரியதாக வரும் தொண்டி மேற்குக் கரையில் இருந்த வேறு ஊர். இரண்டையும் ஒன்றாக எண்ணும் பிழை இன்றும் காணப்படுகிறது.)

கடலும் காற்றும்

பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். பல இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் ஆழமில்லை. இராமேசுவரத் தீவின் வடக்கே உள்ள இக்கடலைப் பெண்கடல் என்றும், தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் இப்பகுதி மக்கள் அழைப்பதுண்டு. பெண்கடல் என்பதால் எப்போதும் அமைதியானது என்று பொருளில்லை. ஐப்பசி முதல் தை வரை வீசும் வாடைக்காற்று இக்கடலைக் கொந்தளிக்கச் செய்யும். தென்மேற்குப் பருவத்தில் வீசும் காற்றைச் சோழகம் என்பர்.

பாய் பழகும் சிறுவனுக்குப் பருவக் காற்றைவிட அன்றாடக் காற்றே முதல் பாடம். இரவில் நிலம் விரைவாகக் குளிர்ந்துவிடும். அதனால் விடியுமுன் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். நண்பகலில் நிலம் சூடேறியபின் அதுவே திரும்பிக் கடலிலிருந்து கரைக்கு வீசும். முன்னதில் புறப்பட்டுப் பின்னதில் திரும்புவது பாய்மரத் தொழிலின் கால அட்டவணை. காற்று மாறும் நேரத்தைத் தவறவிட்டவர்கள் துடுப்பு வலித்தோ, காற்றுக்கு எதிராகக் குறுக்கும் நெடுக்குமாகப் படகைத் திருப்பித் திருப்பி ஓட்டியோதான் கரை சேர வேண்டும். நீவாடு எனப்படும் நீரோட்டமும் எதிராக இருந்தால் பொழுது சாய்ந்துவிடும்.

பலகையில் ஏறும் ஆள்

மதராஸ் மாகாண மீன்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920-இல் வெளியிட்ட ஆய்வில் பாக் விரிகுடாப் படகுகளை விவரித்தார். அவர் கவனத்தைக் கவர்ந்தது படகின் குறுக்கே வைக்கப்படும் ஒரு நீண்ட பலகை. அதன் ஒரு முனை காற்று வரும் பக்கமாகப் படகுக்கு வெளியே நீண்டிருக்கும்.

அதன் தேவை எளிதில் விளங்கக்கூடியது. ஆழமற்ற கடலில் அடிப்பாகம் ஆழமாக இறங்கிய படகு தரை தட்டும். அடி தட்டையாக இருந்தாலோ பாயில் காற்று நிறைந்ததும் படகு ஒருபுறம் சாயும், பக்கவாட்டிலும் ஒதுங்கும். ஒதுங்குவதைத் தடுக்கப் படகின் பக்கத்தில் ஒரு பலகையை நீருக்குள் இறக்கினர். சாய்வதைத் தடுக்கக் குறுக்குப் பலகையில் ஆட்கள் ஏறி உட்கார்ந்தனர். காற்று கூடினால் பலகையின் முனைவரை நகர்வர், குறைந்தால் உள்ளே வருவர். பாய் திசை மாறினால் பலகையும் மறுபக்கம் போக வேண்டும். அதைத் தள்ளிவிட்டு ஆட்கள் மாறி ஏறுவதற்கு இருக்கும் நேரம் சில நொடிகள்தான்.

எனவே இப்படகில் தனித் திறமை என்று ஒன்று அதிகம் எடுபடாது. சுக்கான் பிடிப்பவர், ஆஞ்சான் கயிற்றை இழுத்துப் பாயை ஏற்றுபவர், பாயின் கீழ்முனைக் கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் கொடுப்பவர், பலகையில் இருப்பவர் ஆகிய அனைவரும் ஒரே காற்றை ஒரே கணத்தில் உணர வேண்டும். ஒருவர் பிந்தினால் எல்லோரும் நீரில்.

புதிய பையன் இந்த வரிசையின் அடியில் தொடங்குவான். படகுக்குள் சேரும் தண்ணீரை இறைப்பது வழக்கமாக அவன் வேலை. அலுப்பான வேலைதான், ஆனால் அடித்தளத்தில் குந்தியிருப்பவனுக்குப் படகு சாய்வது முதலில் தெரியும். அடுத்துக் கயிறு, பிறகு பலகை. சுக்கான் கடைசி. வருமானமும் பங்காகவே பிரிந்தது. செலவு போக மிஞ்சியதில் படகுக்கும் வலைக்கும் பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. முழுப் பங்கு கிடைப்பது கற்று முடித்ததற்கான சான்று. இதற்கு வேறு சான்றிதழ் இருக்கவில்லை.

சென்னையில் வேறொரு பள்ளி

இதே கலை சென்னைத் துறைமுகத்தில் பொழுதுபோக்காக வளர்ந்தது. துறைமுகப் பொறியாளரும் துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவருமான சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911-இல் தொடங்கிய சங்கமே இன்றைய ராயல் மெட்ராஸ் யாட் கிளப். பின்னர் உருவான தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் சிறுவர்களுக்குக் கோடை முகாம்கள் நடத்துகிறது. அப்படியொரு முகாமில் 12 வயதில் பயிலத் தொடங்கிய நேத்ரா குமணன், பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண். அவர் கலந்துகொண்ட அதே டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் கே.சி. கணபதி, வருண் தாக்கர் இருவரும் ஃபார்ட்டிநைனர் என்னும் இருவர் படகை ஓட்டினர். அதில் ஓட்டுநர்கள் இடுப்பில் கம்பி மாட்டிக்கொண்டு படகுக்கு வெளியே உடலை நீட்டி நிற்பர். தொண்டிக் கரை முதியவர் ஒருவருக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியிராது.

வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. சென்னையில் பயிற்சிக்கு அமைப்பு உண்டு, பயிற்றுநர் உண்டு, வெற்றிக்குப் பெயர் உண்டு. பாக் விரிகுடாவில் தொழிலே பள்ளியாக இருந்தது. தொழில் பாயைக் கைவிட்டபோது பள்ளியும் மூடிவிட்டது.

எஞ்சினுக்குப் பின்

1960-களில் இழுவைப் படகுகளும், 1980-களில் சிறு படகுகளில் பொருத்தும் வெளிப்புற எஞ்சின்களும் பரவின. காற்றுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாமல் போனது மீனவருக்குப் பெரிய விடுதலை. பாய்க்காலத்தை ஏக்கத்துடன் எழுதுபவர்கள், காற்று நின்று நடுக்கடலில் கிடந்த இரவுகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆயினும் ஒரு தலைமுறைக்குள் பாய் கட்டத் தெரிந்தவர் எண்ணிக்கை குறைந்துபோனது.

எஞ்சியிருப்பது போட்டி. கோயில் திருவிழா, பொங்கல் போன்ற நாட்களில் தொண்டி வட்டாரக் கடற்கரை ஊர்கள் பாய்மரப் படகுப் போட்டி நடத்துகின்றன. அண்டை மாவட்டங்களிலிருந்தும் படகுகள் வருகின்றன. செய்தித்தாள்கள் இதை ஒருநாள் கேளிக்கையாகச் சுருக்கிவிடுகின்றன. உண்மையில் இக்கரை இளைஞர்கள் பாய் பழகுவதற்கு மீதமிருக்கும் முக்கியமான வாய்ப்பு இதுதான். கடலில் எல்லைக் கொடியைச் சுற்றித் திரும்ப வேண்டும் என்பதால், ஒரு பாதியில் காற்றோடும் மறுபாதியில் காற்றை எதிர்த்தும் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

படகுக்குப் பெரும்பாலும் ஆறு பேர். ஆட்களின் எடை போதாதபோது மணல் மூட்டைகளும் ஏறும். காற்று வலுக்கும்போது மூட்டைகள் காற்றுப் பக்கம் நகர்த்தப்படும். எத்தனை மூட்டை ஏற்றுவது என்பதைக் கரையில் நின்று அன்றைய காற்றைப் பார்த்து முடிவு செய்கிறார்கள், பெரும்பாலும் பாய்க்காலத்தில் தொழில் செய்த மூத்தவர்களைக் கேட்டு.