இடைவெளி விரதத்தின் வரலாறு: பட்டினி மருத்துவம் முதல் 16:8 முறை வரை

இடைவெளி விரதம் என்பது உண்ணும் நேரத்தையும் உண்ணாதிருக்கும் நேரத்தையும் வரையறுத்துக்கொண்டு கடைப்பிடிக்கும் உணவு முறையாகும். 'இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்' என்ற பெயரிலும் இது பரவலாக அறியப்படுகிறது. இதில் மூன்று வகைகள் முக்கியமானவை. நாள்தோறும் 16 மணி நேரம் உண்ணாமல் இருந்து, 8 மணி நேரத்துக்குள் உணவை முடித்துக்கொள்வது 16:8 முறை. வாரத்தில் 5 நாட்கள் வழக்கம்போல் உண்டு, 2 நாட்கள் மிகக் குறைவாக உண்பது 5:2 முறை. மூன்றாவது, ஒருநாள் விட்டு ஒருநாள் விரதம் இருப்பது.

ஏகாதசி, சஷ்டி, ரமலான் நோன்பு, தவக்காலம் போன்ற சமய நோன்புகள் மிகப் பழமையானவை. வழிபாடும் புலனடக்கமுமே அவற்றின் நோக்கம். உடல் எடையைக் குறைப்பதற்காக மருத்துவ மேற்பார்வையில் பசித்திருக்கும் வழக்கமோ 20ஆம் நூற்றாண்டில்தான் உருப்பெற்றது. அந்த வரலாற்றில் வெற்றிகளும் உண்டு, உயிரிழப்புகளும் உண்டு. இன்று புதிதாகத் தொடங்குவோருக்குச் சொல்லப்படும் எச்சரிக்கைகள் பலவற்றின் காரணத்தை அதில் காணலாம்.

காலை உணவைக் கைவிட்டவர்கள்

1880ஆம் ஆண்டு கோடையில் ஹென்றி டானர் என்ற மருத்துவர் நியூயார்க் நகர மண்டபம் ஒன்றில் பொதுமக்கள் முன்னிலையில் 40 நாட்கள் உண்ணாமல் இருந்தார். அவரது எடை சுமார் 16 கிலோ குறைந்தது. எடையைக் குறைப்பது அவர் நோக்கமன்று. மனிதன் உணவின்றிப் பல நாட்கள் வாழ முடியும் என்று காட்டவே அவர் முயன்றார். செய்தித்தாள்கள் அந்நிகழ்வை நாள்தோறும் வெளியிட்டதால், பட்டினி பொதுமக்களின் பேச்சுப் பொருளானது.

பென்சில்வேனியா மாநில மருத்துவர் எட்வர்ட் ஹூக்கர் டியூயி, 1900இல் காலை உணவைத் தவிர்க்கும் திட்டத்தை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். காலைப் பசி வெறும் பழக்கம் என்பதும், நோயுற்றவரை வற்புறுத்தி உண்ணவைக்கக் கூடாது என்பதும் அவரது கருத்து. இன்று 16:8 முறையைப் பின்பற்றுவோரில் பலர் காலை உணவைத்தான் விடுகின்றனர். அவ்வகையில் டியூயியை இம்முறையின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதலாம்.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் காலை உணவைத் தவிர்ப்போர் சங்கம் ஒன்று தோன்றியது. அதைப் பற்றிப் படித்த காந்தி, ஜோகன்னஸ்பர்க்கில் வாழ்ந்தபோது தாமும் காலை உணவை நிறுத்திப் பார்த்தார். தலைவலி நீங்கியதாகவும், தேவைக்கு மேல் உண்டு வந்ததை அதனால் உணர்ந்ததாகவும், ஆனால் மலச்சிக்கல் தீரவில்லை என்றும் 'சத்திய சோதனை'யில் பதிவு செய்துள்ளார்.

பட்டினி இல்லமும் ஆய்வுக்கூடமும்

1911இல் அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் பட்டினி மருத்துவத்தைப் போற்றி ஒரு நூல் எழுதினார். அதே காலத்தில் அதன் கொடிய முகமும் வெளிப்பட்டது. வாஷிங்டன் மாநிலத்தின் ஒலாலா என்ற ஊரில் லிண்டா ஹசார்ட் என்பவர் பட்டினியால் நோய் தீர்ப்பதாகக் கூறி ஓர் இல்லம் நடத்தினார். அவரிடம் சிகிச்சை பெற்ற பிரிட்டிஷ் பெண் ஒருவர் 1911இல் உயிரிழந்தார். அவ்வழக்கில் ஹசார்ட் 1912இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார்.

அதே 1912இல் பாஸ்டன் நகரில், ஃபிரான்சிஸ் பெனடிக்ட் என்ற அறிவியலாளர் பட்டினியை அளவிட்டார். மால்டாவைச் சேர்ந்த லெவன்சின் என்பவர் அவரது ஆய்வுக்கூடத்தில் 31 நாட்கள் தண்ணீர் மட்டுமே அருந்தி இருந்தார். அவரது எடை சுமார் 60 கிலோவிலிருந்து 47 கிலோவாகக் குறைந்தது. சிறுநீரில் வெளியேறிய நைட்ரஜனை அளந்தபோது, கரைந்தது கொழுப்பு மட்டுமன்று, தசைப் புரதமும்தான் என்பது தெளிவாயிற்று. எடை காட்டும் எண்ணைக் கொண்டு மட்டும் பட்டினியை மதிப்பிட முடியாது என்பதை இது உணர்த்தியது.

1915இல் ஓட்டோ ஃபோலின், வில்லி டெனிஸ் ஆகியோர் உடல் பருமன் உள்ளவர்களிடம் பட்டினியின் விளைவை ஆராய்ந்தனர். சில நாட்கள் மட்டும் பட்டினி, பின்னர் உணவு, மீண்டும் பட்டினி என்ற சுழற்சியை எடைக் குறைப்புக்கு ஏற்ற வழியாக அவர்கள் முன்வைத்தனர். இடைவெளி விட்டு விரதம் என்ற எண்ணம் உடல் பருமன் மருத்துவத்தில் இடம்பெற்ற தொடக்கப் பதிவுகளுள் இது ஒன்று.

மருத்துவமனைப் பட்டினி

1959இல் அட்லாண்டா மருத்துவர் வால்டர் ப்ளூம், உடல் பருமன் சிகிச்சைக்கு மருத்துவமனையில் பட்டினியைப் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டார். 1960களின் தொடக்கத்தில் பிலடெல்பியாவின் கார்ஃபீல்ட் டங்கனும் இதே வழியில் சென்றார்.

இக்காலத்தின் மிகப் பெயர்பெற்ற நிகழ்வு ஸ்காட்லாந்தில் நடந்தது. ஆங்கஸ் பார்பியேரி என்ற 27 வயது இளைஞர், 1965 முதல் 1966 வரை டன்டீ நகர மருத்துவர்களின் கண்காணிப்பில் 382 நாட்கள் திட உணவின்றி இருந்தார். வைட்டமின்களும் தாது உப்புகளும் அவருக்குத் தரப்பட்டன. இரத்தமும் சிறுநீரும் தொடர்ந்து சோதிக்கப்பட்டன. 207 கிலோவாக இருந்த எடை 82 கிலோவாகக் குறைந்தது. 5 ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் 90 கிலோவைத் தாண்டவில்லை.

எல்லாருக்கும் அவ்வாறு வாய்க்கவில்லை. நீண்ட பட்டினியிலும், பட்டினி முடித்து மீண்டும் உண்ணத் தொடங்கியபோதும் நோயாளிகள் இறந்த செய்திகள் அப்பத்தாண்டின் மருத்துவ இதழ்களில் வெளியாயின. நீண்ட பட்டினியில் இதயத் தசையும் நலிகிறது. பின்னர் திடீரென உண்ணும்போது இன்சுலின் உயர்ந்து, இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் செல்வதால் இதயத் துடிப்பு சீர்குலையக்கூடும். மேலும், சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பலருக்கு இழந்த எடை மீண்டும் ஏறியது. இக்காரணங்களால் நீண்ட பட்டினிச் சிகிச்சை படிப்படியாகக் கைவிடப்பட்டது.

கடிகாரத்தின் வருகை

நீண்ட பட்டினி பின்வாங்கிய இடத்தைக் குறுகிய விரதம் பிடித்தது. இதற்கான விதை ஏற்கெனவே ஊன்றப்பட்டிருந்தது. 1946இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கார்ல்சனும் ஹோல்சலும், இடையிடையே ஒருநாள் பட்டினி போடப்பட்ட எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்ததாக அறிவித்தனர்.

2012இல், ஒடிசாவில் பிறந்த அறிவியலாளர் சச்சிதானந்த பாண்டாவின் குழு கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் ஓர் ஆய்வை வெளியிட்டது. கொழுப்பு மிகுந்த உணவு இரு பிரிவு எலிகளுக்கும் தரப்பட்டது. ஒரு பிரிவு எந்நேரமும் உண்டது. மற்றது 8 மணி நேரத்துக்குள் மட்டும் உண்டது. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு கலோரி உண்டபோதும், நேரக் கட்டுப்பாடு கொண்ட எலிகளுக்குப் பருமன் ஏற்படவில்லை. எவ்வளவு உண்பது என்பதோடு எப்போது உண்பது என்ற கேள்வியும் முன்னுக்கு வந்தது.

அதே ஆண்டு பிபிசி தொலைக்காட்சியில் மைக்கேல் மோஸ்லி வழங்கிய ஆவணப்படமும், 2013இல் வெளியான அவரது நூலும் 5:2 முறையை உலகெங்கும் கொண்டுசென்றன. குறைவாக உண்ணும் நாட்களில் பெண்களுக்கு 500, ஆண்களுக்கு 600 கலோரி என்பது அதன் கணக்கு.

மனிதரிடம் கண்ட முடிவுகள்

எலிகளிடம் கண்டது மனிதரிடம் அப்படியே நிகழவில்லை. 2017இல் வெளியான ஓராண்டு ஆய்வில் 100 பேர் பங்கேற்றனர். ஒருநாள் விட்டு ஒருநாள் விரதம் இருந்தவர்கள், நாள்தோறும் கலோரியைக் குறைத்தவர்களை விடக் கூடுதலாக எடை இழக்கவில்லை. ஆய்வை இடையில் விட்டுச் சென்றவர்களும் விரதப் பிரிவிலேயே அதிகம். 2020இல் 116 பேரிடம் 12 வாரங்கள் நடந்த ஆய்வில், 16:8 முறையைப் பின்பற்றியோர் சராசரியாக இழந்தது 1 கிலோவுக்கும் குறைவு. 2022இல் சீனாவின் குவாங்சோவில் 139 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வில் இரு பிரிவினரும் கலோரியைக் குறைத்தனர். அவர்களில் 8 மணி நேர வரம்பையும் கடைப்பிடித்தோர் சராசரியாக 8 கிலோவும், மற்றவர்கள் 6.3 கிலோவும் இழந்தனர். இந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியானதன்று.

இவற்றின் பொருள் இம்முறை பயனற்றது என்பதன்று. உண்ணும் நேரம் சுருங்கும்போது பலர் தம்மையறியாமலே குறைவாக உண்கின்றனர். எடை குறைய அதுவே முதன்மைக் காரணம். இரவு நேர நொறுக்குத் தீனியும் இனிப்புக் காபியும் நின்றுபோனால் அதுவே ஒரு லாபம். ஆனால் உண்ணும் 8 மணி நேரத்தில் இழந்ததை ஈடுகட்டும் அளவுக்கு உண்டால் எடை குறையாது.

தொடங்குவோர் அறிய வேண்டியவை

1. முதல் நாளே 16 மணி நேரத்துக்குத் தாவ வேண்டியதில்லை. இரவு 8 மணிக்கு உணவை முடித்து, மறுநாள் காலை 8 மணிக்கு உண்டாலே 12 மணி நேர இடைவெளி கிடைக்கும். உடல் பழகிய பின் 14 மணி, பிறகு 16 மணி என நீட்டலாம்.

2. விரத நேரத்தில் தண்ணீர் அருந்த வேண்டும். சர்க்கரையும் பாலும் சேர்க்காத தேநீர், காபி பருகலாம்.

3. தசை இழப்பைத் தவிர்க்க, உண்ணும் நேரத்தில் பருப்பு, பயறு, முட்டை, மீன் போன்ற புரத உணவுகளும், உடற்பயிற்சியும் தேவை.

4. இன்சுலின் அல்லது இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்போர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. உணவின்றி மருந்து மட்டும் செயல்பட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும்.

5. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், உண்ணல் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு இம்முறை ஏற்றதன்று.

6. மயக்கம், படபடப்பு, கடும் சோர்வு தோன்றினால் விரதத்தை உடனே முடித்துக்கொள்ள வேண்டும்.

பார்பியேரியின் 382 நாட்கள் இன்றும் பலரால் வியந்து பேசப்படுகின்றன. அவருக்குத் தொடர்ச்சியான மருத்துவக் கண்காணிப்பு இருந்தது என்பதும், அதே காலத்தில் அதே வழியில் சென்ற சிலர் உயிர் பிழைக்கவில்லை என்பதும் அந்த வியப்பில் மறக்கப்படுகின்றன. நூறாண்டுக்கும் மேலான அனுபவத்தில் இறுதியாக நிலைத்தது நீண்ட பட்டினி அன்று. ஒருவர் பல மாதங்கள் சிரமமின்றித் தொடரக்கூடிய சிறிய இடைவெளியே ஆகும்.