மஞ்சட் கோடும் பொத்தானும்

கொழும்பில் வீதியைக் கடக்க இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, மஞ்சட் கோடு என்று சனங்கள் சொல்லும் பாதசாரிக் கடவை. மற்றது, பொத்தானை அழுத்திப் பச்சை மனிதனுக்காகக் காத்து நிற்கும் சமிக்ஞைக் கடவை. பிரித்தானியாவில் கோட்டுக் கடவை 1951இல் சட்டமானது. பொத்தான் வைத்த பெலிக்கன் கடவை 1969இல் வந்தது.

கோடு சாரதியை நம்பி நிற்கிறது. நடப்பவருக்கு வழிவிட வேண்டியது அவர் கடமை. கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் வாகனங்கள் ஊர்ந்து போகும் நேரத்தில் இதுவே போதும்: சாரதியின் முகம் தெரியும், கையைக் காட்டிவிட்டுக் கடக்கலாம். வெள்ளவத்தையில் காலி வீதி அப்படியல்ல. முதல் நிரையில் ஒரு வான் நின்று வழிவிடும்; அதன் மறைவிலிருந்து அடுத்த நிரையில் பஸ் ஒன்று பாய்ந்து வரும். ஒருவரின் நல்ல மனம் மற்றவரைக் கட்டுப்படுத்தாது.

பொத்தான் எல்லா நிரைகளையும் ஒன்றாக நிறுத்துகிறது; ஆனால் உடனே அல்ல. அழுத்தியதும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு கோரிக்கை பதிவாகும். பத்துத் தரம் அழுத்தினாலும் பதிவு ஒன்றுதான். வாகனங்களுக்கு உரிய குறைந்தபட்சப் பச்சை நேரம் முடிந்து, மஞ்சளும் சிவப்பும் எரிந்த பிறகே நமது முறை வரும்.

கடக்கும் நேரத்தைப் பெரும்பாலும் வினாடிக்கு 1.2 மீற்றர் நடையை வைத்தே கணக்கிடுகிறார்கள். 12 மீற்றர் அகல வீதிக்கு 10 வினாடி. வினாடிக்கு 0.8 மீற்றர் நடக்கும் மூதாட்டிக்கோ 15 வினாடி வேண்டும். பிரித்தானியாவின் பஃபின் கடவையில் இந்தக் குறை தீர்ந்தது: வீதியில் ஆள் நடப்பதை உணர்கருவி கண்டறிந்து சிவப்பை நீட்டிக்கும். அங்கே பல பொத்தான் பெட்டிகளின் அடியில் சிறிய கூம்பு ஒன்றும் இருக்கிறது. பச்சை மனிதன் எரியும்போது அது சுழலும். பார்வையற்றவர் விரலால் தொட்டு அறிந்துகொள்வார்.

பொத்தான் பொய்க்கவும் கூடும். நியூயோர்க்கில் விளக்குகள் கணினிக் கட்டுப்பாட்டுக்கு மாறியபின் பெரும்பாலான பொத்தான்கள் செயலிழந்தன. பெட்டிகள் மட்டும் கம்பங்களில் மிஞ்சின. பதில் தராத பொத்தானை நம்பி யாரும் காத்து நிற்கமாட்டார்கள்.

ஆகவே உள்வீதிகளுக்குக் கோடு போதும். அது மங்காமல் தீட்டப்பட்டிருக்க வேண்டும், அதன் அருகே வாகனம் எதுவும் தரித்து நிற்கக்கூடாது. காலி வீதிக்குப் பொத்தானே பொருத்தம். அதன் நேரத்தை வயோதிபரின் நடைக்கு ஏற்ப வைக்க வேண்டும், பழுதானால் உடனே திருத்த வேண்டும். இரண்டில் எதை அமைத்தாலும், மெதுவாக நடப்பவர் பயமில்லாமல் அக்கரை சேர்வதே அதற்கு அளவுகோல்.