குரல் வந்தது, முகம் வரவில்லை: வீட்டுக் கணினியில் உயர்தரக் காணொளி ஓடாதபோது என்ன செய்வது?

கடந்த மாதம் பெரியம்மா முல்லைத்தீவிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்கு வந்தார். இரண்டு நாள் கழித்து புதுக்கடை நீதிமன்றத்தில் அவருக்கு ஒரு தவணை இருந்தது. எங்கள் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

கைப்பையில் ஒரு பென் டிரைவ் கொண்டுவந்திருந்தார். 2002 சமாதான காலத்தில் லண்டனிலிருந்து வந்த சித்தப்பா தன் கமராவில் எடுத்த கசெட்டை, இப்போது கடையொன்றில் கொடுத்து டிஜிட்டல் கோப்பாக மாற்றி அனுப்பியிருந்தார். 2009 மே மாதத்தில் காணாமல் ஆக்கப்பட்ட அண்ணா அதில் சில வினாடிகள் பேசுகிறார். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, அவருடைய ஒரு படம்கூடப் பெரியம்மாவிடம் மிஞ்சவில்லை.

என் பழைய கணினியில் போட்டோம். குரல் வந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

"பழுதாப் போச்சோ தம்பி?" என்று கேட்டார்.

பழுதாகவில்லை. வெளிநாட்டு உறவுகளிடமிருந்து இப்படிக் கோப்புகள் வரும் வீடுகள் நம்மிடையே நிறைய. அவர்களுக்கு உதவும் என்பதால், நான் செய்து பார்த்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்

கோப்பைக் கணினியின் வன்தட்டில் பிரதி எடுங்கள். பென் டிரைவைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். இனிச் செய்வதெல்லாம் பிரதியில்தான். மலிவான பென் டிரைவ்கள் மெதுவானவை. வன்தட்டுக்கு மாற்றியதுமே சில காணொளிகள் சீராக ஓடத் தொடங்கிவிடும்.

ஒலி உண்டு, படம் இல்லை

எம்.பி.4, எம்.கே.வி என்பவை வெறும் பெட்டிகள். உள்ளே படமும் ஒலியும் தனித்தனியே சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். சுருக்கி விரிக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். 2003இல் வந்த எச்.264 அநேகமாக எல்லாக் கணினியிலும் ஓடும். 2013இல் வந்த எச்.265 அதே தரத்தை ஏறக்குறைய அரைவாசி அளவில் தரும். 2017இலிருந்து புதிய ஐபோன்கள் இந்த முறையிலேயே பதிவு செய்கின்றன. விண்டோஸ் 10 உள்ள பல கணினிகளில் இதை விரிக்கும் பகுதி இல்லை. அதனால் ஒலி மட்டும் வருகிறது.

இதற்கு இலவச வி.எல்.சி. மென்பொருளை நிறுவினால் போதும். அதனுள்ளேயே இந்தக் கோடெக்குகள் இருக்கின்றன. "கோடெக் பக்" என்று கண்ட இடத்திலிருந்து எதையும் இறக்கவேண்டாம். வைரஸ் வரும் வழிகளில் அதுவும் ஒன்று.

படம் விக்கி விக்கி ஓடுகிறது

வி.எல்.சி.யில் அண்ணாவின் வீடியோ தெரிந்தது. ஆனால் இரண்டு வினாடிக்கு ஒருமுறை உறைந்து நின்றது. கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்தேன். சி.பி.யு. 100 வீதத்தில் நின்றது.

எச்.265ஐ விரிப்பது கடினமான வேலை. இன்டெலில் 2015இன் ஆறாம் தலைமுறையிலிருந்தே அதற்கென முழுமையான வன்பொருள் சேர்ந்தது. 10 பிட் கோப்புகளுக்கு ஏழாம் தலைமுறை வேண்டும். என்னுடையது நான்காம் தலைமுறை.

உங்களுடையது புதிதாக இருந்தும் விக்கினால், இந்த ஒழுங்கில் பாருங்கள்:

1. மற்ற மென்பொருள்களை, முக்கியமாக பிரவுசரை, மூடுங்கள்.
2. மடிக்கணினியை மின்சாரத்தில் செருகுங்கள். பற்றரியில் அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.
3. கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள்.
4. வி.எல்.சி.யின் பிரிபரன்ஸில் ஹார்ட்வெயார் டிகோடிங் இயங்குகிறதா என்று பாருங்கள். திரை பச்சையாகவோ கட்டங்கட்டமாகவோ சிதறினால், அதையே நிறுத்திப் பாருங்கள்.
5. காற்றாடியில் தூசி அடைத்தால் கணினி சூடேறி மெதுவாகும். துப்புரவாக்குங்கள்.

4கே உண்மையில் தேவையா?

லண்டன் கடைக்காரர் கசெட்டை 4கே ஆகப் பெரிதாக்கியிருந்தார். 4கே படத்தில் சுமார் 83 இலட்சம் புள்ளிகள். என் திரையிலோ பத்தரை இலட்சம்தான். அந்தக் காலத்து டிஜிட்டல் கசெட்டில் இருந்ததே சுமார் 4 இலட்சம். பெரிதாக்குவதால் கசெட்டில் பதியாத விபரம் முகத்தில் வந்துவிடாது. கணினிக்குத்தான் சுமை.

அன்றிரவு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளால், பிரதியிலிருந்து எச்.264, 720 அளவில் இன்னொரு கோப்பு தயாரித்தேன். விடியும்வரை ஓடியது. பழைய கசெட் வீடியோக்களில் ஆட்கள் அசையும்போது சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால், வி.எல்.சி.யில் ஆங்கில 'டி' விசையை அழுத்துங்கள்.

இணையத்தில் பார்க்கும்போது

யூடியூப்பில் படத்தின்மேல் வலது சொடுக்கி 'ஸ்டாட்ஸ் ஃபோர் நேர்ட்ஸ்' என்பதைத் திறவுங்கள். பஃபர் பூச்சியத்துக்கு இறங்கினால் இணைப்பு மெதுவானது. பஃபர் நிறைய இருந்தும் 'ட்ரொப்ட் ஃபிரேம்ஸ்' ஏறினால் கணினியால் முடியவில்லை. இரண்டுக்கும் உடனடி வழி, தரத்தை 720 அல்லது 480க்கு இறக்குவதே.

மூலத்தை அழிக்காதீர்கள்

மாற்றிய கோப்பு பார்ப்பதற்கு மட்டும். மாற்றும்போது விபரம் குறையும். பதிவான திகதி போன்ற தகவல்களும் போய்விடலாம். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் ஒலி, ஒளிப்பதிவுகளை நீதிமன்றத்தில் ஏற்க வழி செய்கிறது. அங்கே பதிவில் கைவைக்கப்பட்டதா என்ற கேள்வி வரும். நம்மிடமுள்ள ஒரு வீடியோ நாளை எதற்குத் தேவைப்படும் என்று இன்று தெரியாது.

வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மேலும் சுருங்கும். 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பை பென் டிரைவ் ஏற்காவிட்டால், அது எஃப்.ஏ.டி.32 முறையில் இருக்கக்கூடும். வெறுமையான டிரைவ் என்றால் எக்ஸ்ஃபட் முறைக்கு ஃபோர்மட் செய்யலாம். இரண்டு பிரதிகளை இரண்டு வீடுகளில் வையுங்கள்.

காலையில் வீடியோ தடங்கலின்றி ஓடியது. அண்ணா கமராவைப் பார்த்துச் சிரித்த இடத்தில், "இதில நிப்பாட்டு தம்பி" என்றார் பெரியம்மா. நிறுத்தினேன். அவர் அழவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தவணைக்கு நேரமாகிறது என்று எழுந்தார்.

பின்னேரம் சித்தப்பாவுக்கு அழைத்து ஒன்றே ஒன்று சொன்னேன்: கடையிலிருந்து கசெட்டைத் திரும்ப வாங்குங்கள், எறிந்துவிட வேண்டாம்.