குப்பைக்கு உரிமையாளர் யார்?

நான் இளம் நிருபராகக் கொழும்பில் பணியாற்றிய காலத்தில், நீதவான் நீதிமன்றமொன்றில் மாநகர சபை தொடுத்த வழக்குகள் விசாரிக்கப்படும் நாட்களில் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுப்பதுண்டு. ஒரு நாள், கடைக்குப் பின்னாலுள்ள கானைத் துப்புரவாக வைத்திருக்கவில்லை என்று யாழ்ப்பாணத்துச் சிறுவணிகர் ஒருவருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. பணத்தைச் செலுத்திவிட்டு வெளியே வந்தவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, என்ரை கானுக்கு அவை வழக்குப் போட்டினம். என்ரை கான் போய் விழுகிற அவையின்ரை கானுக்கு ஆர் வழக்குப் போடுறது?"

அதைச் செய்தியில் எழுத இடமிருக்கவில்லை. ஆனால் இலங்கையின் உள்ளூராட்சி வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வியே என் முன் வந்து நிற்கிறது.

சட்டங்களுக்கு இங்கு என்றுமே பஞ்சமில்லை. அசுத்தமான வளவை வைத்திருப்பவரைக் குற்றவாளியாக்கும் தொல்லைகள் கட்டளைச் சட்டம் 1862 ஆம் ஆண்டுக்குரியது. கொழும்புக்கும் கண்டிக்கும் மாநகர சபைகள் கிடைத்தது அதற்குப் பின்னர்தான், 1865 இல். 1914 இல் கொழும்பில் கொள்ளைநோய் தலைகாட்டியது. மறு ஆண்டே வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அனுமதியின்றிக் கட்டடம் எழுப்பலாகாது, இணக்கச் சான்றிதழ் இன்றிக் குடியேறலாகாது என்ற விதிகளெல்லாம் அதிலிருந்து வந்தவையே. 1978 இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும், 1980 இல் தேசிய சுற்றாடல் சட்டமும் அவற்றின் மேல் அடுக்கப்பட்டன.

இவை அமுலாகும் விதம் எளிமையானது. பரிசோதகர் வருவார், குறையைக் கண்டால் அறிவித்தல் கொடுப்பார், தவணைக்குள் திருத்தாவிட்டால் வழக்கு. சட்டவிரோதக் கட்டடமாயினும் மன்றம் தான் நினைத்தபடி இடித்துவிட முடியாது; நீதவானின் கட்டளை வேண்டும். குடிமகனுக்கு இது நல்ல பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும், தவறு செய்பவர் எப்போதும் ஒரு தனியாள் என்ற எண்ணத்திலேயே கட்டப்பட்டிருக்கிறது.

தவறு செய்வது மன்றமாகவே இருந்தால்?

1947 ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. சபை சேகரிக்கும் குப்பை சபையின் சொத்து. அதைத் தொல்லை விளையாதவாறு அகற்றுவதும் சபையின் கடமை. ஆகவே குப்பைக்கு உரிமையாளர் யார் என்பதில் சட்டத்துக்கு மயக்கமே இல்லை. மயக்கம், அந்த உரிமையாளருக்கு அறிவித்தல் கொடுப்பவர் யார் என்பதில்தான். கொழும்பு மாநகரில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரே மாநகர சபையின் ஊழியர்.

2009 இல் புளூமெண்டல் குப்பைமேடு மூடப்பட்ட பின்னர், கொழும்பின் குப்பை மீதொட்டமுல்லைக்குச் சென்றது. அது கொலன்னாவை நகர சபைக்குட்பட்ட சதுப்புப் பகுதி. ஒரு சபையின் சொத்து இன்னொரு சபையின் எல்லைக்குள் மலையாக வளர்ந்தது. அயலில் வாழ்ந்த மக்கள் வீதிக்கு இறங்கினார்கள், மனுக் கொடுத்தார்கள். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று மலை சரிந்தது. 32 பேர் மாண்டனர். வீடுகள் புதைந்தன.

அடுத்து நடந்ததே மிகவும் வேதனைக்குரியது. அதே மாதத்தில், குப்பை அகற்றலை அத்தியாவசிய சேவையாக்கிய வர்த்தமானி வெளியாயிற்று. குப்பை கொட்டுவதற்கு இடையூறு செய்வது குற்றமாயிற்று. அவ்வாண்டில் நாடு முழுவதும் 1,86,000 இற்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். பரிசோதகர்கள் வீடு வீடாகச் சென்று பூச்சாடியிலும் சிரட்டையிலும் நுளம்புக் குடம்பிகளைத் தேடினர். வழக்குகளும் போடப்பட்டன. அந்தத் தேடல் அவசியமானது. பல உயிர்களைக் காத்திருக்கும். ஆயினும் சிரட்டையைக் கண்ட சட்டத்தின் கண்ணுக்கு அந்த மலை தென்படவில்லையே!

2019 இல் குப்பை புத்தளம் மாவட்டத்து அருவக்காலுவை நோக்கிப் புறப்பட்டது. புத்தளத்து மக்கள் அதற்கு முன்பிருந்தே போராடிக்கொண்டிருந்தனர். 2021 இல் கெரவலப்பிட்டியவில் குப்பையிலிருந்து மின்சாரம் உற்பத்தி செய்யும் நிலையம் இயங்கத் தொடங்கியது ஓர் ஆறுதல். ஆனால் அது தொழில்நுட்பம் தந்த விடை. சட்டம் தந்த விடையன்று.

இன்னுமொரு புதிய சட்டம் தேவை என்று நான் சொல்லவில்லை. இருக்கும் சட்டத்தை, அதை அமுலாக்கும் சபைகளின் மீதே அமுலாக்கக்கூடிய, அந்தச் சபைகளிடம் சம்பளம் பெறாத ஒரு கை வேண்டும். அது இல்லாதவரை, கானுக்குத் தண்டம் கட்டிய அந்த வணிகரின் கேள்விக்கு எவரிடமும் பதில் இருக்கப் போவதில்லை. மீதொட்டமுல்லையில் மாண்ட 32 பேரின் உறவுகளுக்கும் அதே நிலைதான்.