கைவினைக் கூலியின் ஏற்றமும் இறக்கமும்

ஒரே வேலைக்கு ஒருவரிடம் ஒரு கூலியும் மற்றொருவரிடம் வேறொரு கூலியும் பெறுதல் முறையாகுமா என்னும் வினா, தனித்தொழில் புரியும் கைவினைஞரிடையே இந்நாளில் எழுந்துள்ளது. நெய்வோர், தைப்போர், மட்கலம் வனைவோர் முதலியோருள் சிலர், வாங்குவோரின் வசதிக்கேற்ப இரண்டு அல்லது மூன்று விலைகளை முன்வைத்து, இயன்றதனைத் தேர்ந்துகொள்ளுமாறு விடுகின்றனர். வசதி மிக்கார் கூடுதலாகத் தருவது, வசதி குறைந்தார்க்குக் குறைத்ததனை ஈடு செய்யும் என்பது அவர்தம் எண்ணம். இதனைப் புதுமை எனக் கருதுவாரும் உளர். ஆயின் ஏறியிறங்கும் கூலி மிகப் பழைமையானது. அது நன்றா தீதா என வினவுதல் போதாது. எதனைப் பற்றி அது ஏறியிறங்குகின்றது, இறங்கும்போது இழப்பைத் தாங்குபவர் யாவர் என்பவற்றையே வினவுதல் வேண்டும். இதனை மூன்று சான்றுகளின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1. ஆளைப் பற்றிய அளவு

முதற் சான்று பாபிலோனிய மன்னன் அம்முராபியின் சட்டத் தொகுதி. கி. மு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆண்ட அவனது கல், 1901-02 ஆம் ஆண்டுகளில் சூசா நகர அகழ்வில் கிடைத்து, இன்று பாரிசு நகரத்து இலூவர் காட்சியகத்தில் உள்ளது. அதன் 215 முதல் 217 வரையுள்ள பிரிவுகள் மருத்துவன் பெறும் கூலியை வரையறுக்கின்றன. வெண்கலக் கத்தியால் அறுத்து உயிர் காத்தால், உயர்குடியினன் 10 சேக்கல் வெள்ளி தருதல் வேண்டும். அவனிற் தாழ்ந்த பொதுமகன் 5 சேக்கல். அடிமையாயின் அவன் தலைவன் 2 சேக்கல். முறிந்த எலும்பைச் சேர்த்தற்கு முறையே 5, 3, 2 சேக்கல் எனப் பிறிதோரிடம் கூறும்.

ஏழைக்கு இரங்கிய விதி எனவே இது முதற்பார்வையில் தோன்றும். அடுத்து வரும் பிரிவுகளை நோக்குவோர் அவ்வாறு கருதார். அறுவையால் உயர்குடியினன் இறப்பின் மருத்துவன் கை வெட்டப்படும். பொதுமகனது அடிமை இறப்பின் வேறோர் அடிமையைத் தந்தாற் போதும். கூலி இறங்கிய வழியே தண்டமும் இறங்குகின்றது. ஆதலின் ஈண்டு அளக்கப்படுவது ஒருவனது செல்வநிலை அன்று. அவன் உயிருக்குச் சமுதாயம் இட்ட மதிப்பேயாகும்.

இத்தொகுதியே கைவினைக்கு வேறோர் அளவு கூறுதல் கருதத்தக்கது. வீடு கட்டும் கொத்தனுக்கு ஒரு சார் பரப்புக்கு 2 சேக்கல் என 228 ஆம் பிரிவு விதிக்கின்றது. ஒரு சார் என்பது ஏறத்தாழ 36 சதுர மீட்டர். 60 கூர் கொள்ளும் படகு செய்வோனுக்கும் 2 சேக்கலே. வீட்டுக்குரியவன் யாவன், படகுக்குரியவன் யாவன் என்னும் வினா அங்கு எழவில்லை. இடிந்து வீழ்ந்த வீட்டில் இறந்தவன் யாவன் என்பதைப் பற்றித் தண்டம் மாறினும், கொத்தன் கூலி மாறவில்லை. மருத்துவம் ஆளால் அளக்கப்பட, கைவினை பரப்பாலும் கொள்ளளவாலும் அளக்கப்பட்டது.

2. வேலையைப் பற்றிய அளவு

இரண்டாம் சான்று உரோமப் பேரரசன் டயோக்ளீசியன் 301 ஆம் ஆண்டில் வெளியிட்ட விலை ஆணை. ஆயிரத்திற்கும் மேற்பட்ட பொருள்களுக்கும் பணிகளுக்கும் மேல்வரம்பு கூறும் இவ்வாணையின் துண்டுகள் பேரரசின் கிழக்குப் பகுதிகளிலேயே மிகுதியாகக் கிடைத்துள்ளன. உணவோடு நாட்கூலியாகக் கொத்தனுக்கும் தச்சனுக்கும் 50 தினாரியும், சுவர்க்கு வண்ணம் தீட்டுவோனுக்கு 75 தினாரியும், உருவம் வரைவோனுக்கு 150 தினாரியும் விதிக்கப்பட்டன. எழுத்தர்க்கு நூறு வரிக்கு உயர்ந்த எழுத்தாயின் 25, இரண்டாந்தரமாயின் 20. தையற்காரன் முதற்றரப் போர்வையை வெட்டித் தைத்தற்கு 60, இரண்டாந்தரத்திற்கு 40.

இங்கு வாங்குவோன் யாவன் என்னும் வினாவே இல்லை. தரமும் திறமுமே படிகளாக அமைந்தன. அம்முராபியின் மருத்துவக் கூலியோடு ஒப்பிடுங்கால் இது நேர்மை மிக்கதாகத் தோன்றும். எனினும் இவ்வாணையில் பெருங்குறை ஒன்றுண்டு. அது மேல்வரம்பை மட்டுமே வரைந்தது. இதனிற் குறைந்து கொடுத்தல் ஆகாது என்னும் கீழ்வரம்பு அதில் இல்லை. வரம்பை மீறியோர்க்குக் கொலைத் தண்டம் அறிவித்த அரசு, வரம்பிற்கு மிகக் கீழே கூலி பெற்றோரைக் காக்கும் வழி கூறவில்லை. படைமரக்கால் ஒன்றின் கோதுமைக்கு 100 தினாரி என்பது அவ்வாணை கூறும் உச்சவிலை. கோதுமை அவ்விலைக்கு விற்கும் நாளில், முழுக்கூலி பெற்ற கொத்தனும் ஒரு மரக்காலுக்கு இரண்டு நாள் உழைத்தல் வேண்டும். பொருள்கள் சந்தையினின்று மறைந்தன என்றும், ஆணை கைவிடப்பட்டது என்றும் அக்காலத்தவரான இலக்டான்சியசு எழுதியுள்ளார். அவர் அப்பேரரசனின் பகைவர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

3. விளைவைப் பற்றிய அளவு

மூன்றாம் சான்று நம் நாட்டது. முன்னிரண்டும் அரசர் ஆணைகள்; இஃது ஊர் வழக்கு. களத்தில் நெல்லைப் பகுக்குமுன் ஊர்ப் பணியாளர்க்கு ஒதுக்கிய பங்கே அது. மேரை எனவும் சுதந்திரம் எனவும் அது வழங்கியது. செங்கற்பட்டுச் சாகீரில் தாமசு பார்னார்டு என்பவர் 1767 முதல் 1774 வரை எடுத்த அளவைக் கணக்குகள், ஏறத்தாழ 2,000 ஊர்களின் இத்தகைய ஒதுக்கீடுகளைக் காட்டுகின்றன. கணக்கர், கோயில், காவல் ஆகியவற்றோடு தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர் ஆகியோர் பங்கும் அவற்றுள் இடம் பெற்றுள்ளது.

தச்சரும் கொல்லரும் கலப்பையைச் செப்பனிடுதற்கும் கொழுவை அடித்துக் கூராக்குதற்கும் ஒவ்வொரு முறையும் காசு கேட்டிலர். ஆண்டு முழுதும் வேலை செய்து, களத்தில் பங்கு பெற்றனர். பங்கு விளைச்சலின் ஒரு கூறாதலின், மிக விளைந்தோன் மிகக் கொடுத்தான். குறைய விளைந்தோன் குறையக் கொடுத்தான். வசதியைக் கேட்டறியாமலும், இரந்து நில்லாமலும், கூலி தானே ஏறியிறங்கியது. அதனினும் சிறந்த கூறு ஒன்று காண்கின்றோம். ஆள்வோர் பங்கும் உழுவோர் பங்கும் பிரியுமுன் பொதுக்குவியலினின்றே மேரை எடுக்கப்பட்டது. ஆதலின் கைவினைஞர்க்குக் கொடுக்கும் பொறுப்பை இருவரும் சேர்ந்தே தாங்கினர்.

ஆயினும் இம்முறையைப் பொற்காலமெனப் போற்றுதல் ஆய்வு நெறியன்று. பிறப்பால் தொழிலும், தொழிலால் ஊரும் வரையறுக்கப்பட்டமையின், வேறு வேலை தேடும் உரிமையும் பேசிப் பெறும் உரிமையும் கைவினைஞர்க்கு அரியவாயின. விளைவு பொய்ப்பின் பங்கும் பொய்க்கும். 1876-78 ஆம் ஆண்டுப் பஞ்சம் போன்ற காலங்களில், களத்தில் குவியலே இல்லையெனின் கொல்லனுக்குக் கொடுப்பது யாது? மேலும் இரயத்துவாரி முறையில் வரி காசாக வரையறுக்கப்பட்டுத் தனித்தனிப் பட்டாதாரர்மேல் விழுந்த பின்னர், பொதுக்குவியலில் ஆள்வோர்க்கு இடமில்லாதாயிற்று. இருவர் தாங்கிய பொறுப்பு உழுவோன் ஒருவன்மேல் செலவாக நின்றது. மேரை தேய்ந்தமைக்குரிய காரணங்களுள் இதனை முதன்மையானது என்பது எம் கருத்து.

4. ஒப்பீட்டால் பெறுவன

ஆளைப் பற்றி இறங்கும் கூலி, தாழ்ந்தோரை மேலும் தாழ்த்தக்கூடும். வேலையைப் பற்றி மாறும் கூலி நேர்மையுடையது. ஆயின் கீழ்வரம்பு இன்றேல் உழைப்போரைக் காவாது. விளைவைப் பற்றி மாறும் கூலி கொடுப்போரின் நிலையறிந்து நெகிழும். ஆயின் கொடுப்போர் வீழ்ந்தால் பெறுவோரும் உடன் வீழ்வர்.

இந்நாளைய கைவினைஞர் வாங்குவோரின் வசதி நோக்கி விலையைக் குறைக்கும்போது, வடிவத்தால் அது பாபிலோனிய மருத்துவனின் முறையை ஒக்கும். கருத்தால் அதற்கு நேர்மாறானது. அங்கு மதிப்பில்லாதார்க்குக் கூலி இறங்கியது. இங்கு எல்லாரும் மதிக்கத்தக்கார் என்பதனால் இறங்குகின்றது. ஆயினும் நல்லெண்ணம் மட்டும் முறையை நிலைபெறச் செய்யாது. மேரையை நாலு தலைமுறைக்கும் அப்பால் தாங்கி நின்றது பலர் சேர்ந்த பொதுக்குவியல். இன்று தனித்து உழைக்கும் கைவினைஞர்க்கு அத்தகைய குவியல் இல்லை. மேற்படி விலையைத் தருவார் போதிய அளவில் வாராவிடின், கீழ்ப்படி விலையின் இழப்பு முழுதும் உழைப்பவர் தலைமேலேயே விழும்.

ஆதலின் மூன்று வரையறைகள் வேண்டப்படுகின்றன. மூலப்பொருளின் விலையும் உழைத்த நாளுக்குரிய உணவும் அடங்கிய கீழ்வரம்பு முதலாவது. படிகள் யாவரும் அறிய வெளிப்படையாக நிற்றல் இரண்டாவது. குறைந்த படியில் ஏற்கும் வேலையின் அளவு, உயர்ந்த படியில் வந்த வருவாயைக் கடவாமை மூன்றாவது. டயோக்ளீசியன் மறந்தது முதலாவதனை. களத்து மேட்டில் எல்லார் கண்முன்னும் அளந்த நம் முன்னோர் பேணியது இரண்டாவதனை. மூன்றாவது, பொதுக்குவியல் இல்லாத இக்காலத்தில் தனித்தொழிலாளர் தாமே அமைத்துக்கொள்ள வேண்டிய சிறு குவியலாகும்.